முந்தைய சாதனை எவ்வளவுங்க?

எங்கள் ஊர்ப்பக்கம் ‘ரெக்கார்டு’ என்றால் அப்போது மூன்று அர்த்தம். ஒன்று, கல்யாண வீட்டு மைக்செட்காரர் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துப் போடும் இசைத்தட்டு. இரண்டாவது, மேல்வகுப்பு அண்ணன்மார் அட்டை போட்டு, தவளைப் படம் வரைந்து, வாத்தியாரிடம் கையெழுத்து வாங்க அலையும் ரெக்கார்டு நோட்டு. மூன்றாவது, மாரியம்மன் நோம்பியின் கடைசி ராத்திரியில் நடக்கும் ரெக்கார்டு டான்ஸ். மூன்றாவதைப் பெரியவர்கள் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

1981-ல் எனக்கு வயது பன்னிரண்டு. ராசிபுரம் பக்கத்துக் கிராமம். ஒருநாள் அம்மாவைப் பெற்ற அமுச்சியிடம் போய், “நான் உலக ரெக்கார்டு பண்ணப் போறேன் அமுச்சி” என்றேன். கையிலிருந்த விளக்குமாறு ஓங்கியபடியே நின்றது. “படிக்கப் போடான்னா ஆட்டம் பழகறியா? உங்கப்பன் வரட்டும்” என்றாள். உலக சாதனைக்கும் ரெக்கார்டு டான்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குப் புரியவைக்க அன்று என்னால் முடியவில்லை. இன்று யாராவது கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

எனக்கு அந்த ஆசையை மூட்டியது பள்ளிக்கூடத்து இரும்பு பீரோவில் கிடந்த ஒரு தடித்த புத்தகம். அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. இங்கிலீஷ் வாத்தியார்தான் ‘கின்னஸ் புக்’ என்று சொல்லி, கையைக் கழுவிவிட்டு வந்து தொடச் சொன்னார். உலகத்திலேயே உயரமான ஆள், குள்ளமான ஆள், நீளமான மீசை, பெரிய பூசணிக்காய். எழுத்துக் கூட்டிப் படித்தோம். படம் இருந்த பக்கங்கள் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருந்தன.

அந்தப் புத்தகத்தின் பிறப்பு ரகசியம் எங்களுக்குத் தெரியாது. அயர்லாந்தின் கின்னஸ் பீர் கம்பெனி நிர்வாகி சர் ஹியூ பீவர் 1951-ல் வேட்டைக்குப் போயிருக்கிறார். சுட்ட பறவை தப்பிவிட்டது. ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று விருந்தில் வாக்குவாதம் வந்தது. எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. மதுக்கடைகளில் ராத்திரிதோறும் இப்படி எத்தனை சண்டை நடக்கும், அதைத் தீர்த்துவைக்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று தோன்றியது அவருக்கு. நாரிஸ் மக்விர்ட்டர், ராஸ் மக்விர்ட்டர் என்ற இரட்டைச் சகோதரர்கள் தகவல் திரட்ட, 1955-ல் முதல் பதிப்பு வந்தது. சேலம் ஜில்லா என்ன லேசுப்பட்டதா? ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது இங்கேதான். ராசிபுரத்தையும் சேர்த்து நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். அதுவரை நாங்களும் அந்தச் சேலத்துக்காரர்களே. அப்பேர்ப்பட்ட மண்ணில், பீர் கம்பெனி போட்ட புத்தகத்தைத்தான் வாத்தியார் கை கழுவிவிட்டுத் தொடச் சொன்னார்.

நான் தேர்ந்தெடுத்த சாதனை, ஒற்றைக்காலில் நிற்பது. செலவில்லை. வகுப்பில் ஏற்கெனவே நல்ல பயிற்சியும் இருந்தது. வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் என்ற தமிழர் முப்பத்து மூன்று மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றார் என்று ஏதோ ஒரு பத்திரிகைத் துணுக்கில் படித்திருந்தேன். 1971-ல் பாக் நீரிணையை ஐம்பத்தொரு மணி நேரத்தில் இரு திசையும் நீந்திக் கடந்தவர். 128 மணி நேரம் இடைவிடாமல் ட்விஸ்ட் ஆடியவர். ஆட்டத்துக்கும் ரெக்கார்டு தருகிறார்கள் என்ற செய்தியை மட்டும் அமுச்சியிடம் நான் சொல்லவில்லை.

புளியமரத்தடியில் நின்றேன். பெரியப்பா மகன் அவன் அப்பாவின் எச்.எம்.டி. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். அரைமணி நேரம் ஆனது. தொடை நடுங்கியது. அந்நேரம் பார்த்து ஐஸ் வண்டியின் மணிச் சத்தம். “இங்கயே நில்லுடா, வந்தர்றேன்” என்று ஓடிவிட்டான். சேமியா ஐஸைச் சப்பிக்கொண்டு அவன் திரும்பியபோது நான் அப்படியேதான் நின்றிருந்தேன். “நடுவுல கால ஊணியிருப்ப. எனக்குத் தெரியாதா?” என்றான். சத்தியம் பண்ணினேன். அவன் நம்பவில்லை. அத்தோடு முடிந்தது என் உலக சாதனை. கால் தோற்றிருந்தால்கூட ஆறியிருக்கும், தோற்றது சாட்சி.

சாட்சி என்றால் என்ன என்பதை அதே வருஷம் சித்திரையில் பார்த்தேன். சந்தைத்திடலில் ஒருவர் சைக்கிள் ஓட்ட வந்தார்.

இந்தத் தலைமுறைக்கு இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். திடலின் நடுவில் ஒரு கம்பம். அதைச் சுற்றி வட்டமாகக் கயிறு. நாலு மூலையிலும் டியூப் லைட், உச்சியில் குழாய் ஒலிபெருக்கி. வந்தவர் ராத்திரி பகலாக, கால் தரையில் படாமல், ஏழு நாள் சைக்கிளிலேயே சுற்றுவார். சாப்பாடு சைக்கிளில். குளியல் சைக்கிளில், குடத்துத் தண்ணீரைக் குனிந்து வாங்கித் தலையில் ஊற்றிக்கொள்வார். ஓட்டிக்கொண்டே முகச்சவரம், ஓட்டிக்கொண்டே சட்டை மாற்றல். ஹேண்டில்பாரில் கால் போட்டு ஓட்டுவார், பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தும் ஓட்டுவார். பையன்களான எங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரே கேள்வி. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். நாலு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சைக்கிள் கூடவே ஓடுவார்கள்.

அவரைவிட எங்களுக்குப் பிடித்தவர் மைக் பிடித்தவர். ஒல்லியான ஆள். கழுத்தில் கைக்குட்டை. “தாய்மார்களே, அண்ணன்மார்களே, அன்பு மாமன்மார்களே! நம்ம அண்ணன் இப்போது பல்லால் காரை இழுக்கப் போகிறார். பல் அவருது, கார் யாருது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெட்ரோல் போடலாம்!” நடுநடுவே சினிமாப் பாட்டு. யாராவது ரூபாய் நோட்டைச் சட்டையில் குண்டூசியால் குத்திவிட்டால் உடனே பெயரும் தொகையும் மைக்கில் வரும். இரண்டு ரூபாய் குத்திய எங்கள் மாமா பெயரை அவர் நாலு தடவை சொன்னார். மாமா ஐந்தாவது தடவைக்காக இன்னொரு ரூபாய் குத்தினார்.

இதெல்லாம் பகல் கூட்டம். எனக்கு மறக்காதது ராத்திரிக் கூட்டம். பத்து மணிக்கு மேல் பெண்கள் போய்விடுவார்கள், பாட்டு நின்றுவிடும். அப்போது பதினைந்து இருபது ஆண்கள் துண்டை விரித்து வட்டத்தைச் சுற்றிப் படுப்பார்கள். பாராட்ட வந்தவர்கள் இல்லை, பிடிக்க வந்தவர்கள். “ராத்திரி எறங்கிப் படுத்துக்குவான்டா, நம்மளை ஏமாத்தறான்” என்பது அவர்கள் கட்சி. முறை போட்டு விழித்திருந்தார்கள். ஒருவர் தூங்கினால் அடுத்தவர் எழுப்பிவிட்டுத் தூங்கினார். ஐந்தாம் ராத்திரி நல்ல கோடை மழை. சைக்கிள்காரர் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு சேற்றில் சுற்றினார். சந்தேகப்பட்டவர்களும் நனைந்துகொண்டே நின்றார்கள். பகையும் இல்லை, அன்பும் இல்லை. ஆனால் அத்தனை கவனமாக ஒரு மனிதனை இன்னொரு மனிதன் பார்த்ததை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் இறங்கினார். கால் நிற்கவில்லை. இருபக்கமும் தாங்கிப் பிடித்தார்கள். முதலில் போய்ப் பிடித்தது ராத்திரிக் காவல் கிடந்த கோஷ்டிதான். “மெய்யாலுமே எறங்கலீங்க” என்று ஊருக்குள் சாட்சி சொல்லித் திரிந்ததும் அவர்களே. கிடைத்தது நோட்டு மாலை, ஒரு வேட்டி, அரை மூட்டை நிலக்கடலை, ஒரு சேவல். சான்றிதழ் கிடையாது. மறுநாள் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

அதே காலத்தில் லண்டனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் போன வருஷம்தான் யூடியூபில் பார்த்தேன். பேத்தியின் பள்ளிக்கூட விஷயமாக ‘கின்னஸ்’ என்று தேடப்போய், பி.பி.சி. குழந்தைகளுக்காக நடத்திய ‘ரெக்கார்ட் பிரேக்கர்ஸ்’ வந்து விழுந்தது. 1972 டிசம்பரில் தொடங்கி 2001 வரை ஓடியிருக்கிறது. எங்கள் வீட்டிலும் பி.பி.சி. உண்டு. ராத்திரி சிற்றலையில் தமிழோசை. அப்பா காதை ரேடியோவோடு ஒட்டவைத்துக்கொண்டு யுத்தங்களைக் கேட்பார். அந்தக் கம்பீரமான பி.பி.சி.யின் இன்னொரு அறையில் ஒரு மனுஷன் தடதடவென்று டாப் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தான் என்று சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருக்க மாட்டார்.

அந்த மனுஷன் ராய் காசில். நிகழ்ச்சியை வழங்கியவர். டிரம்பட் ஊதுவார், ஆடுவார், பாடுவார். மற்றவர் சாதனையைச் சொல்வதோடு நிற்காமல் தானும் இறங்கிவிடுவார். ஒரு நொடிக்கு 24 தட்டு என்று 1973-ல் டாப் டான்ஸ் சாதனை. ஒரே பாட்டை நாலு நிமிஷத்தில் 43 வாத்தியங்களில் வாசித்தது 1975-ல். 1985-ல் இருபத்து மூன்று மணி நாற்பத்து நாலு நிமிஷம் ஆடிப் பத்து லட்சம் தட்டு. 1990-ல் பறக்கும் விமானத்தின் இறக்கைமேல் நின்றபடி இங்கிலாந்திலிருந்து பாரிஸ் வரை போனது. பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சைக்கிள்காரரும் மைக்காரரும் ஒரே ஆளாகி, வெள்ளைத் தோலோடு பிறந்திருந்தால் இவர்தான். வித்தியாசம் ஒன்றுண்டு. இவருக்கு பி.பி.சி. சம்பளம் கொடுத்தது; அவருக்குச் சேவல்.

நிகழ்ச்சியில் எனக்கு இன்னும் பிடித்த பகுதி வேறு. நாரிஸ் மக்விர்ட்டர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் குழந்தைகள். எந்தச் சாதனையைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம். புத்தகத்தைப் பார்க்காமல் எண்ணும் தேதியும் பேருமாகப் பதில் சொல்வார். குழந்தைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அறிவுத் தாகமெல்லாம் கிடையாது. ‘இந்தக் கேள்வியில் மாட்டுவாரா, மாட்டுவாரா’ என்ற அதே ராத்திரிக் காவல்காரர் முகம். நமக்கு அந்த நாற்காலியில் இருந்தவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ‘கல்கண்டு’ தமிழ்வாணன். ஊர் சலூனில் கிடந்த பழைய இதழ்களில் அவர் பதில்களைப் படித்துவிட்டு, முடிவெட்ட வந்தவர்கள் அதைப் பொய்யாக்க முயன்றுகொண்டே இருப்பார்கள். முடிவெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டு நடுவராகிவிடுவார்.

ராஸ் மக்விர்ட்டர் 1975 நவம்பரில் தன் வீட்டு வாசலில் ஐ.ஆர்.ஏ.வினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நாரிஸ் அதன்பிறகும் வந்து குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். ராய் காசில் 1994 செப்டம்பரில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அவர் சிகரெட் பிடித்ததே கிடையாது. புகை நிறைந்த ஜாஸ் கிளப்புகளில் வருஷக்கணக்கில் டிரம்பட் ஊதியதுதான் காரணம் என்று சொல்லிவந்தார். எங்கள் சைக்கிள்காரர் எங்கே, எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது.

இனி இக்காலம்.

பேத்தி யு.கே.ஜி. சேலத்தில் ஒரு பள்ளி. வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு வந்தது: ஆயிரம் குழந்தைகள் ஒரே நேரத்தில் சிலம்பம் சுற்றி உலக சாதனை. பங்கேற்புக் கட்டணம் 600 ரூபாய். டி-ஷர்ட், மெடல், சான்றிதழ் உட்பட. மகள் உடனே கட்டிவிட்டாள். “அவளுக்குச் சிலம்பம் தெரியுமா கண்ணு?” என்றேன். “ரெண்டு வாரத்துல சொல்லிக் குடுத்துருவாங்கப்பா” என்றாள். ஏழு நாள் சைக்கிள் ஓட்டியவர் எத்தனை வருஷம் பழகினாரோ என்று ஒரு நினைப்பு. சொன்னால் அம்மாவும் மகளும் சேர்ந்து முறைப்பார்கள்.

காலை ஏழு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. மேலே டிரோன். மேடையில் ஃபிளக்ஸ். சேலத்து வெயிலில் நடுவர் கோட்டு, டை சகிதம் உட்கார்ந்திருந்தார். மெய்யான சாதனை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சிறப்பு விருந்தினர் முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். சிலம்பம் பத்து நிமிஷம். பிளாஸ்டிக் கம்பை என் பேத்தி இரண்டு தடவை சுற்றினாள். மூன்றாவதில் அது முன்னால் நின்ற பையன் காலில் பட்டது. அவன் அழுதான். இவள் கம்பைக் கீழே போட்டுவிட்டு அவனுக்குச் சமாதானம் சொல்லப் போனாள். பெற்றோர் யாரும் இதைப் பார்க்கவில்லை. எல்லோரும் போனுக்குள் தங்கள் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் பேர் சுற்றினார்களா என்று யாரும் எண்ணவில்லை. பத்து நிமிஷமும் யாராவது நிறுத்தினார்களா என்று யாரும் காவல் கிடக்கவில்லை. ‘சாதனை நிகழ்த்தப்பட்டது’ என்று மைக்கில் அறிவித்தார்கள். சரிகைக் காகிதம் வெடித்துப் பறந்தது.

எனக்கு உள்ளுக்குள் அந்தப் பழைய சந்தைத்திடல் ஆள் விழித்துக்கொண்டான். நடுவரிடம் போய், “ஏனுங்க சார், முந்தைய சாதனை எவ்வளவுங்க?” என்றேன்.

கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார்: “இந்தப் பிரிவே புதுசுங்க சார். நாமதான் முதல்.”

இல்லாத சாதனையை என் பேத்தி முறியடித்திருக்கிறாள். மெடல் அன்றே கிடைத்தது. சான்றிதழ் ஒரு மாதம் கழித்து வந்தது. அவள் பெயரில் ஒரு எழுத்து தப்பு. மகள் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள்.

கின்னஸும் பழைய கின்னஸ் இல்லை. பீர் கம்பெனியின் கையைவிட்டு எப்போதோ போய்விட்டது. 2008 முதல் கனடாவின் ஜிம் பாட்டிசன் குழுமத்துக்குச் சொந்தம். ‘ரிப்ளி’யின் நம்பினால் நம்புங்கள் வியாபாரமும் அதே குழுமத்தினுடையதே. கம்பெனிகள் விளம்பரத்துக்காகச் சாதனை செய்ய விரும்பினால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனையும் தருகிறார்கள். தூங்காமல் விழித்திருக்கும் சாதனையை உடம்புக்கு ஆபத்து என்று பிற்காலத்தில் கைவிட்டுவிட்டார்கள். ஆக, எங்கள் சைக்கிள்காரர் இன்று விண்ணப்பித்தாலும் கதவு திறக்காது. ஆனாலும் அளவுகோல் கெட்டியான இடங்களில் அது இன்னும் கெட்டிதான். எங்கள் திடலில் பல்லால் கார் இழுத்த அதே வித்தையை, மலேசியத் தமிழர் ராதாகிருஷ்ணன் வேலு 2003-ல் கோலாலம்பூரில் ரயில் வைத்துச் செய்தார்: 260.8 டன், 4.2 மீட்டர். எடை போட்டார்கள், டேப் பிடித்தார்கள், எழுதினார்கள். எங்கள் காரை யாரும் எடை போடவில்லை. ஆனால் ஹேண்ட் பிரேக் எடுத்துவிட்டிருக்கிறதா என்று நாலு பேர் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

நாமக்கல் ஆஞ்சநேயர் பதினெட்டு அடி. கூரை இல்லாமல், கைகூப்பி, எதிரே நரசிம்மரைப் பார்த்தபடி நிற்கிறார். உலகத்தில் எத்தனையாவது உயரம் என்று சின்ன வயதில் நாங்கள் கேட்டதில்லை. அண்ணாந்து பார்ப்பதோடு சரி. கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுத்துக்கொண்டே எண்ணுவோம்; அறுபத்தெட்டு, எழுபத்தொன்று என்று ஆளுக்கொரு கணக்கு வரும், சண்டை வரும், திரும்பி இறங்கும்போது மறுபடி எண்ணுவோம். 2022 ஏப்ரலில் வாழப்பாடி பக்கம் புத்திரகவுண்டம்பாளையத்தில் முத்துமலை முருகனுக்குக் குடமுழுக்கு நடந்தது. 146 அடி. அங்கே போய் வந்த ஒவ்வொருவரும் என்னிடம் சொன்னது, “மலேசியாவை விட ஆறு அடி அதிகம்” என்பதுதான். பத்துமலை முருகனையும் இவரையும் செய்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. தன் கையையே தான் ஆறு அடி மிஞ்சிய அவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்லவரவில்லை. பிழைப்புக்காக ஒரு மனுஷன் ஏழு நாள் தூங்காமல் சுற்றியதை ஊரே கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அது ஒன்றும் பெருமையில்லை. ஆயிரம் குழந்தைகள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு துள்ளுவது அதைவிட எவ்வளவோ மேல். கூட்டம் சேர்த்துச் சாதனை செய்வதையும் நாம் கண்டுபிடிக்கவில்லை. ராய் காசிலே 1977-ல் பி.பி.சி. தொலைக்காட்சி நிலையத்தில் ஐந்நூறு பேரைச் சேர்த்து ஆடவைத்திருக்கிறார். நமக்குக் காணாமல் போனது ஒன்றே ஒன்று, சந்தேகம். சந்தேகப்பட ஆள் இருந்தவரைக்கும் சாதனைக்கு மதிப்பிருந்தது. இப்போது காசு கட்டியவர்களே செய்கிறவர்கள், அவர்களே பார்க்கிறவர்கள், அவர்களே கைதட்டுகிறவர்கள். யார் யாரைச் சந்தேகப்படுவது?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சந்தைத்திடலில் இப்போது போர்வெல் ரிக் வண்டிகள் நிற்கின்றன. எதிர் டீக்கடையில் எண்பதைத் தாண்டிய ஒருவர். ராத்திரிக் காவல் கோஷ்டியில் மிச்சமிருப்பவர் அவர் மட்டுமே. சைக்கிள்காரர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“மறக்குமா தம்பி? ஒம்பது நாளு. ஒம்பது ராத்திரியும் நாங் கண்ணு மூடலையே.”

“ஏழு நாளுங்க மாமா” என்றேன்.

“நீ பொடிப்பையன், ராத்திரி வூட்டுக்குப் போயித் தூங்கியிருப்ப. உனக்கெப்படித் தெரியும்?” என்றார்.

டீக்கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டபடி, “எங்கப்பா பதினொண்ணும்பாருங்க” என்றார். அங்கேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சேலம் பஸ் தப்பிப்போனது.